போஸ் கொடுக்கும் காளையும் சுற்றி வரும் கிடாரிகளும்: மாடுகளைப் படம் எடுக்கப் போகிறவருக்கு

நீங்கள் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. தாராபுரம் பக்கத்தில் உறவினர் ஊருக்குப் போயிருக்கிறீர்கள். கொறங்காட்டில், அதாவது முள்வேலியிட்ட மேய்ச்சல் நிலத்தில், காங்கேயம் மாடுகள் மேய்வதைப் பார்த்துக் கேமராவும் கைப்பேசியுமாக உள்ளே இறங்கியிருக்கிறீர்கள். ஒரு பொலிகாளை (இனவிருத்திக்கு விடும் காளை) குறுக்கே திரும்பி, முதுகை வளைத்து, அசையாமல் நின்று அருமையாகப் போஸ் கொடுத்திருக்கிறது. நீங்களும் இன்னும் சில அடிகள் நெருங்கி எடுத்திருக்கிறீர்கள். பிறகு கிடாரிகளை, இன்னும் ஈனாத இளம் பசுக்களை, தாழ்ந்த கோணத்தில் எடுக்கத் தரையில் உட்கார்ந்தபோது ஏழெட்டு மாடுகள் வந்து சூழ்ந்துகொண்டன. எழுந்து ஓடினீர்கள், அவையும் பின்னாலேயே ஓடிவந்தன. அவை தாக்க வந்தனவா, இனி பயமில்லாமல் படம் எடுப்பது எப்படி, எந்த லென்ஸ் வாங்கலாம் என்று கேட்கிறீர்கள்.

அந்தக் கிடாரிகளால் உங்களுக்கு இருந்த ஆபத்து மிகக் குறைவு. நீங்கள் ரசித்துப் படம் எடுத்த அந்தக் காளைதான் உங்களைக் குத்தியிருக்கக்கூடியது. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படாமல், பயப்படத் தேவையில்லாத இடத்தில் ஓடியிருக்கிறீர்கள். மாடுகளோடு பழகாத எல்லோருக்கும் இப்படித்தான் தோன்றும். ஏனென்றால் மாடு தன் கோபத்தைக் காட்டும் விதம் நாய் காட்டுவதைப் போன்றதல்ல.

காளை மிரட்டும்போது எதிராளிக்கு நேராக முகத்தைக் காட்டி நிற்பதில்லை, விலாவைக் காட்டும். தன் உடம்பின் நீளத்தையும் உயரத்தையும் எதிரில் நிற்பவன் பார்த்துக்கொள்ளட்டும் என்று குறுக்கே திரும்பும். முதுகு மேல்நோக்கி லேசாக வளையும். கழுத்து இறுகும், திமில் விடைக்கும், தலை தோள்மட்டத்துக்குக் கீழே இறங்கும், மோவாய் உள்ளே மடங்கும். உங்கள் பக்கம் இருக்கும் கண் மட்டும் பிதுங்கினாற்போல் உங்கள்மேலேயே நிற்கும். நகர்ந்தால் விறைத்த கால்களோடு மெதுவாக நகரும். இத்தனையும் சேர்ந்தால், காலண்டர்களிலும் கண்காட்சி மேடைகளிலும் நாம் பார்த்துப் பழகிய காங்கேயம் காளையின் அதே தோற்றம் கிடைக்கிறது. புகைப்படக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். இதற்கு அடுத்த கட்டத்தில் காளை முன்காலால் மண்ணைப் பறித்துத் தன் முதுகின்மேல் எறியும், கொம்பால் மேட்டைக் குத்திக் கிளறும், மூக்கால் சீறும். மண் பறிக்கும் வரை காத்திருக்கக் கூடாது. விலாவைக் காட்டி விறைத்து நின்றபோதே நீங்கள் விலகத் தொடங்கியிருக்க வேண்டும்.

இயல்பாகப் பக்கவாட்டில் நிற்கும் காளையை எப்படித் தெரிந்துகொள்வது? அது அசை போட்டுக்கொண்டிருக்கும். காதுகள் பக்கவாட்டில் தளர்ந்து, ஈயை விரட்ட மட்டும் ஆடும். வால் தொங்கும். ஒரு பின்னங்காலில் பாரத்தைக் குறைத்து நிற்கும். உங்களை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையைப் புல்லுக்கு இறக்கிவிடும். அதன் நிழற்படமும் முன்னதைவிட நன்றாகவே வரும், ஏனென்றால் முகத்தில் இறுக்கம் இருக்காது.

கிடாரிகளுக்கு வருவோம். ஓரிரண்டு வயது மாடுகளுக்கு எதைக் கண்டாலும் வேடிக்கை. கொறங்காட்டில் மனிதர்கள் நின்றுகொண்டும் நடந்துகொண்டும்தான் வருவார்கள். தரையில் குந்தி, முகத்துக்கு முன்னால் கறுப்பாக ஒன்றைப் பிடித்திருக்கும் உருவத்தை அவை பார்த்திருக்காது. அது என்னவென்று மோந்து பார்க்க வருகின்றன. ஒன்று வந்தால் மற்றவையும் வரும். நான்கைந்தடி தூரத்தில் நின்று கழுத்தை நீட்டும். நீங்கள் அசைந்தால் திடுக்கிட்டுப் பின்வாங்கும், பிறகு மறுபடியும் வரும். நீங்கள் ஓடினால் அவையும் துள்ளிக்கொண்டு ஓடிவரும். உங்கள் அனுபவம் அதுதான். எழுந்து நின்று, அவற்றை நோக்கித் திரும்பி, கையை விரித்து "ஹோ, ஹோ" என்று சாதாரணக் குரலில் சொல்லியிருந்தால் நின்றிருக்கும். ஆனால் ஒன்று: கால் இடறி நீங்கள் கீழே விழுந்திருந்தால், தாக்கும் எண்ணமே இல்லாத கூட்டத்தின் மிதியிலும் அடிபட்டிருக்கலாம். அதனால் கூட்டமாக மாடுகள் அவிழ்ந்து மேயும் காட்டுக்குள் தனியாக இருக்கும்போது தரையில் உட்காராதீர்கள், படுக்காதீர்கள். தாழ்ந்த கோணம் வேண்டுமென்றால் வேலிக்கு வெளியிலிருந்து எடுங்கள்.

இனி தூரம். லென்ஸ் கேள்விக்கும் பாதுகாப்புக் கேள்விக்கும் சேர்த்து ஒரே பதில் இதில்தான் இருக்கிறது.

ஒரு காங்கேயம் காளையை முகம் முதல் வால் வரை, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டு எடுக்கச் சுமார் 3.6 மீட்டர் அகலம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமராவில் 200 மி.மீ. லென்ஸுக்கு அந்த அகலம் 20 மீட்டர் தூரத்தில் கிடைக்கிறது. 50 மி.மீ. லென்ஸுக்கு 5 மீட்டர். கைப்பேசியின் முதன்மைக் கேமரா பெரும்பாலும் 26 மி.மீ. வாக்கில் இருப்பதால், அதில் அதே அளவுக்கு எடுக்க இரண்டரை மீட்டருக்குப் போய் நிற்க வேண்டும். காளை தலையைத் திருப்பி ஓரடி வைத்தால் கொம்பு எட்டிவிடும் இடம் அது. பழைய காலத்தவர்கள் கொம்புள்ளதற்கு ஐந்து முழம் விலகு என்பார்கள். ஏழரை அடி, ஏறக்குறைய அதே இரண்டரை மீட்டர்தான். கட்டியிருக்கும் உழவு எருதுக்கும் பழகிய வீட்டுப் பசுவுக்கும் அந்தக் கணக்குச் சரி. அவிழ்ந்து நிற்கும் பொலிகாளைக்கும் ஈன்ற பசுவுக்கும் அது போதாது.

கைப்பேசியில் நெருங்கி எடுப்பதில் இன்னொரு சேதம் இருக்கிறது. அத்தனை பக்கத்திலிருந்து எடுத்தால் முகம் பெருத்து, பின்பகுதி சுருங்கி, திமில் கழுத்தோடு ஒட்டிப்போய்விடும். காங்கேயத்தின் அழகே நெற்றி, திமில், முதுகுக் கோடு, வால் இறக்கம் என்று அளவோடு அமைந்த பக்கத் தோற்றம்தான். அதைத் தூரத்திலிருந்துதான் எடுக்க முடியும். எனவே 70–200 லென்ஸ் ஒன்று, பழையதாக இருந்தாலும், உங்களுக்குப் போதும். காட்டுப் பகுதிக்கும் எருமைகளுக்கும் போவதாக இருந்தால் 100–400. சிறிய சென்சார் கேமரா வைத்திருந்தால் 55–250 வகை லென்ஸே இந்த வேலைக்குத் தாராளம். கைப்பேசிதான் இருக்கிறது என்றால் அதில் உள்ள மூன்று மடங்கு, ஐந்து மடங்கு டெலி லென்ஸைப் பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மாடு சிறியதாகத் தெரிந்தாலும் பரவாயில்லை என்று மேய்ச்சல் நிலத்தோடு சேர்த்து எடுங்கள். கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமும் கிளுவை வேலியும் சேர்ந்த கொறங்காடு, மாட்டுக்குக் குறையாத அழகுள்ளது.

எத்தனை மீட்டர் என்று கேட்பதைவிட, மாட்டையே கேட்பது நல்லது. ஒவ்வொரு மாட்டுக்கும் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் உண்டு. அதற்குள் அந்நியர் வந்தால் விலகும். தினமும் கறக்கும் பசுவுக்கு அந்த வட்டம் கையெட்டும் தூரம். மலையில் மேயும் மாட்டுக்கு ஐம்பது மீட்டர்கூட இருக்கலாம். வட்டத்தின் விளிம்பை நீங்கள் தொட்டதும் மாடு தலையைத் தூக்கும், இரண்டு காதுகளும் உங்களை நோக்கி முன்னே திரும்பும், அசை போடுவது நின்றுவிடும். அந்த இடத்தில் நில்லுங்கள். இரண்டடி பின்னால் வாருங்கள். சும்மா இருங்கள். கொஞ்ச நேரத்தில் ஒரு காது பின்னால் போகும், பிறகு வாய் அசையத் தொடங்கும், பிறகு தலை கீழே இறங்கும். அந்தத் தூரம்தான் உங்களுடைய இடம். தலையைத் தூக்கிக் கேமராவை வெறிக்கும் மாட்டின் படம் எவருக்கும் கிடைக்கும். அதில் தெரிவது மாட்டின் பயம் மட்டுமே. நாக்கைச் சுழற்றிப் புல்லைப் பறிப்பது, கன்றை நக்குவது, ஒன்றின் கழுத்தில் இன்னொன்று தாடையை வைத்து நிற்பது, இவையெல்லாம் அது உங்களை மறந்த பிறகுதான் நடக்கும். பொறுமையாக இருப்பவருக்கு நல்ல படமும் கிடைக்கிறது, குத்தும் கிடைப்பதில்லை.

மாட்டின் பார்வையைப் பற்றித் தெரிந்துகொண்டால் எங்கே நிற்பது என்பது எளிதாகிவிடும். கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் ஏறத்தாழ 330 பாகைக்கு அதனால் பார்க்க முடியும். நேர் பின்னால் மட்டும் தெரியாது. மூக்குக்கு நேர் முன்னால் மிக அருகிலும் சிறிய மறைவு இருக்கிறது. இரண்டு கண்ணாலும் சேர்த்துப் பார்க்கும் பகுதி முன்னால் குறுகியது என்பதால் ஆழத்தைக் கணிப்பதில் அது மந்தம். தரையில் கிடக்கும் நிழலையோ கயிற்றையோ பார்த்துத் தலையைத் தாழ்த்தி நிற்பது அதனால்தான். பின்னாலிருந்து போகிறவர் திடீரென்று அதன் கண்ணில் படுகிறார், விளைவு உதை. பசு பின்னால் மட்டும் உதைப்பதில்லை, காலை முன்னே இழுத்துப் பக்கவாட்டில் வீசும். ஆகவே இடுப்புப் பக்கம் நிற்காதீர்கள். தோளுக்குச் சற்று முன்னால், நேராக இல்லாமல் சாய்வாக அணுகுங்கள். தோளுக்குப் பின்னால் நின்றால் மாடு முன்னே நகரும், தோளுக்கு முன்னால் வந்தால் நிற்கும் அல்லது பின்வாங்கும். மேய்ப்பவர்கள் கோலை வைத்துக்கொண்டு செய்வது இதைத்தான். நல்ல வெளிச்சத்துக்கு மாட்டைத் திருப்ப வேண்டுமென்றால், கத்தாமல் கல் எறியாமல், நீங்கள் இரண்டடி இடம் மாறியே திருப்பிவிடலாம்.

சிவப்புச் சட்டை போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. மாட்டின் கண்ணில் சிவப்பை உணரும் செல்களே இல்லை. நீலமும் மஞ்சள் கலந்த பச்சையும்தான் அதற்கு நன்றாகத் தெரியும். அதை மிரட்டுவது அசைவு. காற்றில் படபடக்கும் துப்பட்டா, திடீரென்று விரிக்கும் குடை, ஒளியைத் திருப்பும் வெள்ளித் தகடு, சட்டென்று நீட்டும் முக்காலி, இவைதான் கூட்டத்தைக் கலைக்கும். நாம் கேட்கமுடியாத உயர்ந்த சுருதி ஒலிகளும் அதற்குக் கேட்கும். கேமராவில் ஓசையில்லாத ஷட்டர் இருந்தால் போடுங்கள். மாலையில் ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ட்ரோனை மாட்டுக் கூட்டத்தின்மேல் பறக்கவிடாதீர்கள்; மிரண்டு வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடும் மாட்டுக்குக் கால் ஒடிந்தால் அந்தக் குடும்பத்தின் பிழைப்பே போயிற்று.

இனி உண்மையான ஆபத்துகள். என் கணக்கில் முதலிடம் காளைக்கு அல்ல, ஈன்ற பசுவுக்குத்தான். பசு தன் இளங்கன்றைப் புதரோரத்தில் படுக்கவைத்துவிட்டுத் தள்ளி மேயப் போகும். கன்று மூச்சுக் காட்டாமல் கிடக்கும். அப்படி ஒரு கன்றைப் பார்த்த நண்பர் ஒருவர், தாய் எங்கே என்று தேடாமல் குனிந்து படம் எடுத்தார். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும், ஆறு மாத வாக்கில்தான் சாம்பல் நிறத்துக்கு மாறும். காய்ந்த புல்லுக்கு நடுவில் செந்நிறக் கன்று கிடந்தால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். கன்று "ம்மே" என்று ஒருமுறை கத்தியதும் அறுபதடி தள்ளி மேய்ந்த பசு தலையைத் தாழ்த்திக்கொண்டு நேராக ஓடிவந்தது. மண் பறிக்கவில்லை, மிரட்டவில்லை. நண்பருக்கும் அதற்கும் நடுவில் ஒரு வெள்வேல மரம் இருந்ததால் தப்பினார். காளையிடம் எச்சரிக்கை இருக்கும், தாயிடம் இருக்காது. தனியாகக் கிடக்கும் கன்றைக் கண்டால் தாயை முதலில் தேடுங்கள். இரண்டுக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். தூக்கவோ தடவவோ கூடாது.

அடுத்தது நாய். டீக்கடையில் பிஸ்கட் போட்ட பாவத்துக்கு ஊர் நாய் ஒன்று உங்களோடு காட்டுக்குள் வரும். கன்றுள்ள கூட்டம் நாயை விரட்டும். நாய் பயந்து உங்கள் காலடிக்கு ஓடிவரும். அதைத் துரத்தும் மாடுகளும் உங்களிடமே வந்து சேரும். உள்ளே இறங்குவதற்கு முன் நாயைத் திருப்பி அனுப்புங்கள். சொந்த நாயைச் சங்கிலியோடு கூட்டிப்போனால், மாடு பாயும் நேரத்தில் சங்கிலியை விட்டுவிடுங்கள். நாய் தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீர்கள்.

மூன்றாவது கயிறு. முளைக்குச்சியில் கட்டிய மாடு என்றால் பாதுகாப்பு என்று நினைக்கிறோம். கயிற்றின் நீளம் எவ்வளவோ அவ்வளவு ஆரமுள்ள வட்டம் முழுக்க மாட்டின் எல்லை. அதற்குள் நீங்கள் நின்றால், மாடு ஒரு சுற்றுச் சுற்றினாலே கயிறு உங்கள் முழங்காலில் விழும். விழுந்தவர் எழுவதற்குள் அது மேலே வந்துவிடும். கயிறு தரையில் எங்கே கிடக்கிறது என்று பார்த்து, வட்டத்துக்கு வெளியிலேயே நில்லுங்கள். முளை பழையதாக ஆடுகிறதா என்பதையும் பாருங்கள்.

கொறங்காட்டுக்கென்று ஒரு சிக்கல் உண்டு. அங்கே மாடுகள் இரவும் பகலும் அவிழ்ந்தே கிடக்கும். மேய்ப்பவர் கூடவே இருப்பதில்லை. சுற்றிலும் முள்கிளுவை வேலி. அவசரத்தில் அதைத் தாண்ட முடியாது, உடம்பெல்லாம் கிழியும். ஆகவே உள்ளே போகும் கடவை விட்டு வெகுதூரம் போகாதீர்கள். நடு வெளியில் நிற்பதைவிட மரத்தையொட்டி நிற்பது நல்லது. மதியத்தில் மாடுகளெல்லாம் அந்த மரத்தடிக்கே நிழலுக்கு வரும் என்பதையும் நினைவில் வையுங்கள். போகும்போதும் வரும்போதும் படலைச் சரியாக மூடுங்கள். பக்கத்துக் காட்டுச் சோளத்தில் மாடு இறங்கிவிட்டால் அந்த வருத்தம் நீங்கள் ஊருக்குத் திரும்பிய பிறகும் இரண்டு வீட்டுக்கு நடுவில் கிடக்கும்.

மாடு உண்மையிலேயே உங்களை நோக்கி வந்தால்: ஓடாதீர்கள், எந்த மாடும் உங்களைவிட வேகம். முதுகைக் காட்டாதீர்கள். அதைப் பார்த்தபடியே, ஆனால் கண்ணோடு கண் முறைக்காமல், சாய்வாகப் பின்வாங்கி மரத்துக்கோ சுவருக்கோ வண்டிக்கோ பின்னால் போங்கள். பையையோ துண்டையோ கழற்றி உங்கள் பக்கவாட்டில் எறிந்தால் பல நேரங்களில் மாடு அதைக் குத்த நிற்கும். அந்தச் சில நொடிகள் போதும். மரமே இல்லாத வெளியில் இளம் மாடு ஓடிவந்தால் நிமிர்ந்து நின்று கையை விரித்து அதட்டுங்கள், பெரும்பாலும் நின்றுவிடும். ஈன்ற பசுவிடமும் பொலிகாளையிடமும் இந்த அதட்டல் வேண்டாம், அது சண்டைக்கு அழைப்பதுபோல் ஆகும். தூரத்தைக் கூட்டுவது ஒன்றே வழி. கேமராவைக் கழுத்தில் மாட்டாதீர்கள். வார் கொம்பில் சிக்கினால் உங்களையும் சேர்த்து இழுத்துப்போகும். தோளில் ஒரு பக்கமாகத் தொங்கவிடுங்கள்.

எல்லா மாடும் காங்கேயம்போல் நிதானமானவை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அடுத்தடுத்து மற்ற இனங்களையும் எடுக்க ஆசை வரும். ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையின் செம்மறை மாடுகள், சிவப்பு உடம்பில் வெள்ளைத் திட்டுகளோடு, படத்துக்கென்றே பிறந்தவை. ஆனால் காட்டுக்குள் பட்டி போட்டு வளர்க்கப்படுபவை. அந்நியர் வாடை பட்டாலே மிரளும், மிரண்டால் பாயும். பட்டிக்காரர் இல்லாமல் கிட்டே போகவே கூடாது. காலையில் பட்டியிலிருந்து திறந்துவிடும்போது வாசலுக்கு நேராக நிற்காமல், பட்டிக்காரர் காட்டும் பாறைமேல் நின்று எடுங்கள். அந்த மலைப்பகுதியில் 2024-இல் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டிருக்கிறது. யானை நடமாட்டமும் உண்டு. சாலையை விட்டு இறங்குவதற்கு வனத்துறை அனுமதி தேவை.

மதுரை, சிவகங்கை, விருதுநகர்ப் பக்கத்துப் புலிக்குளம் மாடுகள் கிடை மாடுகள். நூற்றுக்கணக்கில் சேர்ந்து மேயும். இரவில் எருவுக்காக வயல்களில் கிடை போடுவார்கள். கிடை கிளம்பும் விடியலும் திரும்பும் அந்தியும் புழுதியில் வெளிச்சம் ஊடுருவும் நேரங்கள். தமிழ்நாட்டில் மாடுகளை வைத்து எடுக்கக்கூடிய மிகச் சிறந்த படம் இதுதான் என்பது என் எண்ணம். கூட்டத்துக்கு முன்னால் நிற்காமல் பக்கத்து வரப்பில் ஏறி நின்றுகொண்டால் ஆபத்தில்லை. இதே இனத்துக் காளைகள்தான் ஜல்லிக்கட்டிலும் பெயர்பெற்றவை. வீட்டுச் சிறுமி பிடித்து நடத்தும் காளை என்பதற்காக உங்களையும் விடும் என்று எண்ணாதீர்கள். அந்நியரைக் கண்டால் பாயவே அது பழக்கப்பட்டிருக்கிறது. வளர்ப்பவர் கயிற்றைப் பிடித்திருக்கும்போது மட்டும், அவர் நிற்கும் பக்கமே நின்று எடுங்கள். மஞ்சுவிரட்டு, ஜல்லிக்கட்டுக் களங்களில் வாடிவாசலைப் பற்றி எல்லோரும் எச்சரிப்பார்கள். காளைகள் ஓடி முடிந்து பிடிபடும் வெளியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. வேடிக்கை பார்ப்பவர்கள் அடிக்கடி குத்துப்படும் இடம் அது.

டெல்டாவின் உம்பளச்சேரி மாடுகள் சிறியவை, சேற்று வயலுக்கு ஏற்றவை. நெற்றியில் வெள்ளைச் சுட்டியும் குளம்புக்கு மேலே வெள்ளையும் அடையாளம். கொம்பைத் தீய்த்துவிடும் வழக்கமும் அங்கே உண்டு. புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இவற்றைத்தான். நீலகிரியில் தோடர்களின் எருமைகள் இதற்கு நேர் எதிர்: பிறை போல விரிந்த கொம்பு, சாம்பல் நிறம், அந்நியரைக் கண்டால் கூட்டமாகவே திரும்பி நிற்கும் குணம். அவர்களுடைய குடியிருப்பில் கேட்டு, அவர்கள் கூடவே வந்தால் மட்டும் போங்கள். ஊட்டி, கோத்தகிரி, கொடைக்கானல் சாலையோரங்களில் நிற்கும் காட்டெருமையை மாட்டுக் கணக்கிலேயே சேர்க்காதீர்கள். அது வனவிலங்கு, வண்டியை விட்டு இறங்காமல் எடுப்பதோடு சரி.

சந்தைகளில் நிலவரம் வேறு. திருப்பூர் மாவட்டம் கண்ணபுரத்தில் கோயில் திருவிழாவையொட்டிச் சித்திரை வாக்கில் கூடும் சந்தையிலும், ஆடியில் அந்தியூர் குருநாதசாமி கோயில் சந்தையிலும் நல்ல மாடுகளை வரிசையாகப் பார்க்கலாம். மாடுகள் லாரியில் வந்த களைப்பிலும் புது இடத்து எரிச்சலிலும் இருக்கும். இரண்டு வரிசைகளுக்கு நடுவில் மாடுகளின் பின்பக்கத்தை ஒட்டி நடக்காதீர்கள். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசும் கைகளை எடுக்க ஆசை வரும். விலை முடிந்த பிறகு கேட்டுக்கொண்டு எடுத்தால் அவர்களே இன்னொரு முறை செய்து காட்டுவார்கள்.

எங்கே போனாலும் உரியவரிடம் கேளுங்கள். கறவை மாட்டையும் இளங்கன்றையும் படம் எடுத்தால் கண்பட்டுவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், வாதம் செய்யாதீர்கள். கேட்பதில் உங்களுக்கு லாபமும் உண்டு. "எது முட்டும், எது அண்மையில் ஈன்றது, பொலிகாளை எந்தக் காட்டில் நிற்கிறது" என்ற மூன்று கேள்விகளுக்கு அவர் ஒரு நிமிடத்தில் சொல்லும் பதில், நான் இங்கே எழுதியதைவிட உங்களுக்குப் பயன்படும். அவர் கூடவே வந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மாடு காதை அவர் பக்கம் திருப்பி நிற்கும். அது நீங்கள் தனியாகப் போய் எடுக்கவே முடியாத படம்.

வெளிச்சத்தைப் பற்றிச் சுருக்கமாக. காலை ஒன்பதுக்குள், மாலை நான்கரைக்கு மேல். வெளிர்நிற மயிலை மாடு சட்டகத்தை நிறைத்தால் கேமரா அதை மங்கிய சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை (கேமரா ஏற்கும் வெளிச்ச அளவை) முக்கால் ஸ்டாப் கூட்டுங்கள், ஆனால் முதுகின்மேல் வெயில் படும் இடம் வெளுத்துப்போகிறதா என்று பாருங்கள். எருமைக்கும் கருநிறக் காரி மாட்டுக்கும் அதே அளவு குறையுங்கள். காதும் வாலும் ஓயாமல் ஆடும் என்பதால் ஷட்டர் வேகத்தில் 1/500 நொடிக்குக் கீழே போகாதீர்கள். கேமரா மாட்டின் நெஞ்சு உயரத்தில் இருக்கட்டும். நான்கு கால்களும் தனித்தனியாகத் தெரியும் கணத்தில் அழுத்துங்கள். இனத்தைப் பதிவு செய்வது நோக்கம் என்றால் ஒரு பக்கத் தோற்றமும், கொம்பின் வளைவு தெரியும்படி சாய்ந்த முகமும் கட்டாயம் வேண்டும்.

கடைசியாக இரண்டு. வாயில் எச்சில் வழிய, தண்ணீரை விழுங்க முடியாமல், கரகரத்த குரலில் ஓயாமல் கத்தும் மாட்டைக் கண்டால் கிட்டே போகாதீர்கள். வெறிநாய்க்கடியின் விளைவாக இருக்கலாம், உரியவரிடமும் கால்நடை மருத்துவரிடமும் சொல்லுங்கள். கொம்புக் குத்து பட்டுவிட்டால், வெளியே காயம் சிறியதாகத் தெரிந்தாலும் நம்பாதீர்கள். கொம்பு ஒரு துளை வழியாக நுழைந்து உள்ளே பல பக்கமும் கிழித்திருக்கும். வயிற்றிலோ நெஞ்சிலோ பட்டால் மஞ்சள் வைத்துக் கட்டி வீட்டுக்குப் போகாமல், காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-ஐ அழைத்து நேராக மருத்துவமனைக்குப் போங்கள். கையில் காலில் லேசாகக் கீறியிருந்தாலும் சோப்பு போட்டு ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்தில் டெட்டனஸ் ஊசி தேவையா என்று கேட்டுவிடுங்கள்.